ஆற்று மணலில் சாப்பாடு

பாலாற்றில் தண்ணீர் வருவது நல்ல சேதிதான், யார் இல்லை என்றது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், சென்னையிலிருந்து ஏழெட்டுப் பேர் சாப்பாட்டை நம்பி வந்து நிற்கிற நாளாகப் பார்த்து வந்தால், பெஞ்சமின் அதைக் கண்டு எப்படிச் சந்தோஷப்படுவான்? ஒரு கையில் மண்சட்டி, தோளில் விறகுக் கட்டு என்று கரைமேட்டில் நின்றுகொண்டிருந்தான். போன வாரம் அவன் அடுப்பு மூட்டிய இடத்தின் மேல் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

"மேல எங்கியோ மழையாம். தை மாசத்துல எவன் மழைய எதிர்பாத்தான்? ராவோட ராவா அணையத் தொறந்து வுட்டுட்டானுங்க," என்றாள் கருவாட்டுக்கார ராணியம்மாள். அவள் கூடையை மேட்டுக்கு ஏற்றி, புங்கமரத்தடியில் சாக்கு விரித்து, இரண்டு மூன்று வியாபாரமும் முடித்திருந்தாள். சந்தைக்காரர்களுக்கு ஆறு எங்கே இருந்தால் என்ன? மணல் இருந்தால் மணலில், இல்லாவிட்டால் மேட்டில். பெஞ்சமினுக்கு மட்டும்தான் அன்றைக்கு இடம் போய்விட்டது.

இந்த ஆற்றுச் சந்தையை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவது பெஞ்சமினும் சேட்டுவும் சேர்ந்து செய்கிற வேலை. இருவரும் உத்திரமேரூர் ஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாடத்தில் ஃபெயிலாகி, ஒன்றாகவே எழுதிப் பாஸ் பண்ணினவர்கள். சேட்டு வீட்டுக்கு நிலம் இருந்தது, அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். பெஞ்சமின் வீட்டுக்கு நிலம் இல்லை. அவன் அப்பா கோபால், சேட்டுவின் அப்பா நிலத்தில் அறுப்புக்குப் போனவர். பெஞ்சமின் மினி வேன் ஓட்டினான். சேட்டுதான் ஒருநாள் சந்தையில் வேர்க்கடலை உருண்டை தின்றுகொண்டே, "இத்தயெல்லாம் பாக்கறதுக்கு மெட்ராஸ்காரன் எங்கெங்கியோ பிளைட் ஏறிப் போறான்டா, நாம காட்டலாம்டா," என்றான். அப்படித் தொடங்கியது.

வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள அவர்களுக்கு ஒரு பேச்சும் தேவைப்படவில்லை. சேட்டுவுக்கு வாய், பெஞ்சமினுக்குக் கை. சேட்டு முன்னால் நடப்பான். எந்தக் கத்திரிக்காய் எந்த ஏரிப் பாசனத்தில் விளைந்தது, பனங்கிழங்கை எப்படி உரித்து நடுநரம்பை எடுத்துவிட்டுத் தின்பது, சாலவாக்கத்துப் பக்கமிருந்து வருகிற பச்சரிசிக்கும் இங்கத்திய அரிசிக்கும் சோற்றில் என்ன வித்தியாசம், எல்லாம் சொல்லுவான். தெரியாததையும் சொல்லுவான். இந்த வட்டாரத்தில் அவனுக்குத் தெரியாத வரப்பு கிடையாது என்று வந்தவர்கள் நம்பிவிடுவார்கள், அதில் பெரும்பகுதி உண்மையும்கூட. பெஞ்சமின் பின்னால் பையோடு வருவான். மொச்சை, கத்திரிக்காய், ராணியம்மாளிடம் நெத்திலிக் கருவாடு என்று வந்தவர்களையே பேரம் பேசி வாங்கவைப்பான். பேரம் முடிந்ததும் கொசுறு கேட்கச் சொல்லித் தருவான். நகரத்துப் பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு "கொசுறு" என்று கேட்பதும், ராணியம்மாள் "கேக்கறத கொஞ்சம் தெம்பா கேளு கண்ணு," என்று அதட்டி ஒரு பிடி அள்ளிப் போடுவதும் ஒவ்வொரு வாரமும் நடக்கிற கூத்து.

அப்புறம் மணலில் மூன்று கல் வைத்து அடுப்பு. ஒரு சட்டியில் சோறு, ஒரு சட்டியில் மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. குழம்பு கொதித்து வாசனை எழும்போது சந்தையில் பாதிப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். வாழை இலை போட்டு, வந்தவர்கள், சேட்டு, பெஞ்சமின், சில வாரம் வேடிக்கை பார்க்க வந்தவன்கூட, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சேட்டு மூன்றாவது தடவை சோறு கேட்பான். பெஞ்சமினுடைய இலையிலிருந்தே கருவாட்டை எடுத்துக் கடிப்பான். போட்டோ எடுக்கச் சொல்லுவான். அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் அந்தப் போட்டோக்களுக்குத்தான் லைக் அதிகம்.

இவ்வளவும் மணலில். சேட்டு ஒருநாள்கூடப் பெஞ்சமின் வீட்டில் காலை வைத்ததில்லை. அவன் இருந்த காலனி ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரம். பெஞ்சமின் கூப்பிட்டதும் இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டான், சேட்டு சர்ச்சுக்கு வந்து மொய் எழுதிவிட்டு, பந்திக்கு முன்னால் பம்புசெட்டு வேலை இருக்கிறது என்று போனான். அதோடு சரி. பெஞ்சமின் சேட்டு வீட்டுக்குப் போனால் பின்பக்கம் களத்து வழியாகப் போவான், களத்திலேயே டீ வரும். இரண்டு பேரும் இதைப் பேசியது கிடையாது. கூப்பிட்டு அவன் வராமல் போய்விட்டால் அப்புறம் ஆற்று மணலில் அவனோடு உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? பெஞ்சமினுக்கு அந்தப் பயம் இருந்தது. இருக்கிற ஒரு நல்ல சிநேகிதத்தைச் சோதித்துப் பார்த்துக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு மனசில்லை.

"இன்னாடா பண்றது?" என்றான் சேட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"தினகரன் தோப்புல கேக்கலாமா?"

தினகரன் சேட்டுவின் பெரியப்பா மகன். கரையை ஒட்டி மாந்தோப்பு வைத்திருந்தான், சந்தையில் காய்கறிக் கடையும் அவனுடையதுதான். சேட்டு போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். "கருவாடுன்னா வேணாங்கறான்டா. தோப்புல முனீஸ்வரன் கீதாம்." அந்தத் தோப்பில் போன வருஷம் தினகரன் கறிவிருந்து போட்டது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

சேட்டு வீடு என்று ஒன்று இருந்தது. பெரிய வீடு, பெரிய சமையற்கட்டு. அதையும் இரண்டு பேரும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெஞ்சமின் மனைவி சோபியா போன் பண்ணினாள். ஆற்றில் தண்ணீர் வந்த சேதி அவளுக்கு எட்டியிருந்தது. அவள் குரல் எப்போதும் ஸ்பீக்கர் போட்ட மாதிரிதான் இருக்கும்.

"எங்க நின்னுகினு கீற? ஒல வெச்சிட்டேன். எல்லாரையும் இங்க இட்டுகினு வந்துடு."

பக்கத்தில் பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்த கீர்த்திக்கு அது நன்றாகக் கேட்டது. கணவன் வினோத்குமாரோடு வந்திருந்த பெண், காலையிலிருந்து நூறு கேள்வி கேட்டவள். "வீட்லயா? சூப்பர் அண்ணா! வீட்டுச் சாப்பாடுன்னா இன்னும் நல்லாதான இருக்கும்?" என்றாள். மற்றவர்களும் தலையாட்டிவிட்டார்கள். பசி.

பெஞ்சமின் சேட்டுவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்குக் கஷ்டம் என்று சட்டியைப் பார்த்தான். 'வேலை கீதுன்னு சொல்லப் போறான், சொல்லிடட்டும், சீக்கிரம் சொல்லிடட்டும்' என்று நினைத்துக்கொண்டான்.

"போலாம்," என்றான் சேட்டு. கொஞ்ச நேரம் கழித்து, "வரப்பு வழியா போலாம், குறுக்கு வழி. ஏர் ஓட்ன சேறு கீறு எல்லாம் அவங்க பாத்தா மாதிரியும் இருக்கும்," என்று சேர்த்தான்.

வரப்பு குறுக்கு வழி இல்லை. சந்தைத் தெருவில் இறங்கி, டீக்கடையைத் தாண்டிக் காலனித் தெருவில் நுழைந்தால் பாதி நேரம்தான். பெஞ்சமினுக்குத் தெரியும். வருகிறானே, அது போதாதா என்று இருந்தது அவனுக்கு. சட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் எல்லாரையும்விட வேகமாக நடந்தான்.

சோபியா ஒரு ஆளே ஒரு பட்டாளம். இவர்கள் பின்பக்கமாக வந்து சேர்வதற்குள் சோறு இறக்கி, மொச்சை வேகவைத்து, புளி கரைத்து வைத்திருந்தாள். சேட்டுவைப் பார்த்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. அப்புறம், "வாங்கண்ணா, வாங்க, உள்ள வாங்க," என்றாள், அவன் வாராவாரம் வருகிறவன்போல. சேட்டு செருப்பைக் கழற்றினான். நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தான். தரையில் பாயில் உட்கார்ந்தான். அவ்வளவுதான், இவ்வளவு வருஷத்துப் பயம் அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது. பெஞ்சமினுக்குச் சிரிப்பு வந்தது. கருவாட்டைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

சாப்பாடு அன்றைக்கு அமைந்தது. குழம்பு அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வந்தது. சோபியா கேழ்வரகுக் களியும் கிண்டியிருந்தாள், கீர்த்தி அதை மென்று தின்னப் பார்க்க, "மெல்லாத கண்ணு, கொயம்புல தொட்டு அப்பிடியே முயுங்கு," என்று சொல்லிக்கொடுத்தாள். வினோத்குமாருக்குக் காரம் ஏறி மூக்கில் தண்ணீர் வந்தது. சேட்டு மூன்றாவது தடவையும் சோறு கேட்டான்.

"ஏன்டா, ஆத்துல நீ செய்றத விட இது நல்லா கீதே. இத்தினி நாளா எங்கள ஏமாத்திக்கினு இருந்தியா?"

"அவருக்கு மசாலா அரைக்கறதே நான்தாண்ணா," என்றாள் சோபியா. எல்லாரும் சிரித்தார்கள். பெஞ்சமினுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கீர்த்தி எழுந்து கதவோரம் போய் நின்றாள். "எல்லாரும் இங்க பாருங்க," என்று செல்போனைத் தூக்கினாள். சேட்டு நடுவில், ஒரு பக்கம் பெஞ்சமின், பின்னால் கரண்டியோடு சோபியா. எடுத்துவிட்டு, "சேட்டு அண்ணா, இப்பவே உங்க பேஜ்ல போட்டு டேக் பண்றேன்," என்றாள்.

சேட்டு முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது. ஸ்கூலில் வாத்தியார் பிரம்போடு பக்கத்தில் வரும்போது அவன் முகம் இப்படித்தான் ஆகும். அப்போதெல்லாம் பெஞ்சமின்தான் ஏதாவது பொய் சொல்லிக் காப்பாற்றுவான். இப்போதும் அவன் வாய் முந்திக்கொண்டது.

"இத்த மட்டும் போடாதம்மா."

"ஏண்ணா?"

"இல்ல... வூட்டுக்குப் பெயிண்ட் அடிக்கல. அடிச்சப்புறம் நல்லா எடுத்துப் போடலாம்."

சொல்லிவிட்டுச் சேட்டுவைப் பார்த்தான். 'ஏன்டா, போடட்டுமேடா' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதற்காகத்தான் சொன்னோமோ என்றுகூட அந்தக் கணத்தில் தோன்றியது.

"ஆமாம்மா," என்றான் சேட்டு, இலையைப் பார்த்துக்கொண்டே. "பெயிண்ட் அடிச்சிட்டு எடுத்துக்கலாம்."

கீர்த்தி சுவரைப் பார்த்தாள். வினோத்குமாரும் பார்த்தான். கிறிஸ்துமஸுக்குத்தான் அடித்திருந்தார்கள், காலேஜிலிருந்து வந்த மகள் ஷாரோன் பிடிவாதமாக நின்று தேர்ந்தெடுத்த ரோஸ் கலர். ஒரு கறை கிடையாது. பெயிண்ட் வாசனைகூட இன்னும் முழுசாகப் போகவில்லை. உத்தரத்தில் தாள் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. கீர்த்தி செல்போனைப் பைக்குள் வைத்தாள். சோபியா, "ரசம் ஊத்தட்டுமாண்ணா?" என்று சேட்டுவிடம்தான் முதலில் கேட்டாள். அவன் வேண்டாம் என்று இலையை மடித்தான்.

எல்லாரும் போனபிறகு சோபியா சட்டி கழுவினாள். பெஞ்சமின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ஆளு பயந்தாரு. அது அவரு பாடு," என்றாள். "நீ ஏன் நம்ம வூட்ட கொற சொன்ன?"

அந்தச் சுவருக்குப் பெஞ்சமினேதான் ஏணி போட்டு அடித்தான். சேட்டு மேல் அவனுக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் தன் மேல் வந்தது அதைவிடப் பெரிய கோபம். ஒருத்தன் இன்னும் வாயே திறக்காதபோது, அவனுக்கு என்ன சங்கடம் வரும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, அதற்கு ஏற்றபடி தன்னை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொள்கிற இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? அப்பாவிடம் இருந்தது. களத்து மேட்டில் அவர் அப்படித்தான் நிற்பார். பெஞ்சமின் வேன் ஓட்டினான், இங்கிலீஷ் பேசுகிறவர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டான், ஆனாலும் அந்தப் புத்தி அவனோடேயே ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறது. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

வாரத்தின் நடுவில் சேட்டு போன் பண்ணினான். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "தண்ணி வடிஞ்சிடிச்சிடா. மணல் காஞ்சிக்கினு கீது. ஞாயித்துக்கெழம பத்து பேரு வராங்க. ஆத்துலயே வெச்சிக்கலாம், பிரச்சன இல்ல."

"ஆத்துல வாணாம் சேட்டு. இனிமே சாப்பாடு எங்க வூட்லதான்."

"இன்னாடா வெளயாட்றியா?"

"வெளயாடல. நீ வரணும்னு கட்டாயம் இல்ல. ஆனா வரவங்க சாப்பாடு எங்கன்னு கேட்டா நீதான் சொல்லணும். எப்பவும் நீதான சொல்லுவ."

சேட்டுவுக்குப் பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. "எங்க வூட்ல மாப்ள பாத்துக்கினு கீறோம்டா கல்பனாவுக்கு," என்றான். கல்பனா அவன் மகள். "இந்த நேரத்துல தினகரன் மாதிரி ஆளுங்க எதையாவது பேசி பேஜார் பண்ணுவானுங்க. உனுக்குத் தெரியாததா?"

"தெரியும்," என்றான் பெஞ்சமின். அவனுக்கு நிஜமாகவே தெரியும், அதில் பொய்யில்லை. சேட்டு கெட்டவன் இல்லை என்பதும் தெரியும். "தெரிஞ்சிதான் சொல்றேன்," என்று போனை வைத்தான். சேட்டு ஞாயிற்றுக்கிழமை வராமலே போய்விடலாம்.

வந்திருந்தான். சந்தை மறுபடி மணலுக்கு இறங்கியிருந்தது. ஈர மணலில் சாக்குகளும் கூடைகளும் வரிசையாக, அவரவர் பழைய இடத்தில். சேட்டு வழக்கம்போல முன்னால் நடந்து, கத்திரிக்காயைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் பேசிக்கொண்டு போனான். குரலில் உப்பு குறைந்த மாதிரி இருந்தது. திரும்பித் திரும்பிப் பெஞ்சமின் கையைப் பார்த்தான். பெஞ்சமின் கையில் காய்கறிப் பை இருந்தது. சட்டியும் விறகும் இல்லை.

ராணியம்மாளிடம் கருவாடு வாங்கி, கொசுறும் கேட்டு வாங்கி, கடைசியாகத் தினகரன் கடைக்கு மொச்சைக்கு வந்தார்கள். தினகரன் தராசைப் பிடித்து நிறுத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஊர்க்காரர்கள். பெரிய தொப்பி போட்ட ஒரு அம்மாள், கூட்டத்தின் கடைசியிலிருந்து, "சார், லஞ்ச் எங்கே? இங்கேயே மணல்லதானே? பேஜ்ல பார்த்தோம்," என்று கேட்டாள்.

சேட்டு ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்ற பெஞ்சமினுக்கே பாதிதான் கேட்டது.

"எங்கே சார்? கேக்கலை."

சேட்டு பெஞ்சமினைப் பார்த்தான். ஸ்கூலில் பார்த்த அதே பார்வை. பெஞ்சமின் நாக்கு நுனிக்கு வார்த்தை வந்துவிட்டது. 'ஆத்துலதாம்மா, இதோ விறகு எடுத்தாறேன்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஒரு நொடி வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து மொச்சையைப் பொறுக்கினான். நல்ல மொச்சையைத்தான் பொறுக்குகிறானா, சொத்தையைப் பொறுக்குகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"காலனிலம்மா," என்றான் சேட்டு. குரல் உடைந்து வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னான். "காலனில, பெஞ்சமின் வூட்ல. நம்ம எல்லாருக்கும் அங்கதான் சாப்பாடு. எனுக்கும் அங்கதான்."

தினகரனின் தராசு அந்தரத்தில் நின்றது. "இன்னாடா சேட்டு சொல்ற?"

"காதுல வுயுந்துச்சி இல்ல? மொச்சைய நிறு."

தினகரன் நிறுக்கவில்லை. ராணியம்மாள் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, அவன் கூடையிலிருந்தே இரண்டு கை அள்ளிப் பெஞ்சமின் பையில் போட்டாள். "வாயப் பொளந்துக்கினு நிக்கிற, வந்தவங்க பசியா கீறாங்க," என்று தினகரனைத் திட்டினாள். சேட்டுவின் நெற்றி வியர்த்திருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய பெஞ்சமினுக்கு, ஊரிலும் வீட்டிலும் அவன் படப்போகிற பாட்டை நினைத்துப் பாவமாக இருந்தது.

"நடங்க, நடங்க, தெரு வழியாவே போலாம்," என்று சேட்டு எல்லாரையும் கிளப்பினான். வழக்கம்போல முன்னால் நடந்து, கரையேறி, டீக்கடையைத் தாண்டி, காலனித் தெரு பிரிகிற இடத்தில் நின்றுவிட்டான். இடதா, வலதா, எந்தச் சந்து, எத்தனையாவது வீடு? இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு வரப்பு விடாமல் தெரிந்தவனுக்கு அந்தத் தெரு தெரியவில்லை. திரும்பிப் பெஞ்சமினைத் தேடினான்.

பெஞ்சமின் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தான்.

"இப்பிடி வா," என்றான்.